ஆள் வராத அருவி

“உனக்கு வாயில பூட்டே கிடையாதா? வழி தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“மேல ஓடற ஆறு எங்க விழுதுன்னு அந்த கேமராக்காரர் கேட்டாரு, காட்டறேன்னுட்டேன். ஜீப்பை வாடகைக்கு ஓட்டறவன் வழி தெரியாதுன்னு சொன்னா பொழைக்க முடியுமா மாமா?”

மனைவியின் தம்பிக்கு ஜீப்பைவிட நாக்குதான் வேகமாக ஓடும். அவனைத் திட்டிப் பயனில்லை என்று வெல்டருக்குத் தெரியும். ஆனாலும் திட்டாமல் கால் நகரவில்லை.

முன்னால், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, ஸ்டாண்டைத் தோளில் சாய்த்தபடி கேமராக்காரர் போய்க்கொண்டிருந்தார். கையை விரித்தால் இரண்டு பக்கமும் ஈரம் ஒட்டும், அவ்வளவு குறுகலான இடுக்கு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மலையில் ஒரு விரிசல். உள்ளே ஓர் அருவி இருப்பது வெல்டர் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நேற்றுவரை.

அதை அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்ததற்குக் காரணம் அவருடைய காது. பட்டறையில் வருடக்கணக்காக இரும்பைத் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, காதுக்குள் வண்டு மாதிரி ஓயாத ஒரு ரீங்காரம் குடியேறிவிட்டது. டாக்டரும் கையை விரித்துவிட்டார். வெளியே அமைதியானால் போதும், உள்ளே வண்டு கச்சேரியை ஆரம்பித்துவிடும். தூக்கம் போகும். மறுநாள் பெண்டாட்டி பிள்ளைகள்மேல் எரிந்து விழுவார்.

அருவி இரைச்சலுக்கு ஒரு குணம் உண்டு. கீச்சென்ற ஓசையிலிருந்து கனத்த ஓசைவரை எல்லாம் அதில் கலந்திருக்கும். அதனால் வண்டின் ஓசையும் தனியாகக் கேட்காமல் அதற்குள்ளேயே கரைந்துவிடும். விடுமுறை நாளில் அங்கே பாறைமேல் படுத்தாரானால் குறட்டை விடுவார். அந்த ஒரு தூக்கத்தை வைத்துத்தான் வாரம் முழுக்க ஓட்டினார். படம் இணையத்தில் ஏறினால் அடுத்த வாரமே ஸ்பீக்கரும் பாட்டிலுமாக ஒரு பட்டாளம் இறங்கிவிடும். அந்தப் படத்தைக் கெடுக்கத்தான் கூடவே கிளம்பி வந்திருந்தார்.

கடைசி வளைவில் அருவி தெரிந்தது. கேமராக்காரர் ஸ்டாண்டை ஊன்றி, லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் திருகி மாட்டினார்.

“இங்க வெயிலே கம்மி. இதுல அதுக்குக் கூலிங்கிளாஸ் வேறயா?” என்றான் மச்சான்.

“வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகணும். அப்பதான் கேமரா கண்ணை அரை நிமிஷம் தொறந்தே வைக்கலாம். அதுவரைக்கும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும்ல, துளித்துளியா தெரியாம பட்டுத்துணி தொங்கற மாதிரி பதியும்.”

வெல்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. கேமரா திறந்ததும், கால் கழுவுகிறவர் போல அருவிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“மாமா, படத்துல விழறீங்க.”

“விழட்டும்.”

கேமராக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். அருவி இருந்தது. பாறை இருந்தது. வெல்டரைக் காணோம்.

“நீங்க எந்த இடத்துலயும் நிக்கல. உங்களுக்குப் பின்னால இருந்த பாறைதான் கேமராவுக்கு ரொம்ப நேரம் தெரிஞ்சுது. அதனால பாறை பதிஞ்சுடுச்சு, நீங்க மறைஞ்சுட்டீங்க.”

“நல்ல கேமராவா இருக்கே. அக்காவுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்துடலாம்” என்றான் மச்சான்.

வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பேண்ட் நனைந்ததுதான் மிச்சம். ஒரு கல்மேல் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு நேராகவே கேட்டுவிட்டார்.

“சார், எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. இந்தப் படத்தைப் பார்த்தா கூட்டம் கிளம்பி வந்துடும். நிம்மதியாத் தூங்க எனக்கு இருக்கறது இந்த ஒரு இடம்தான்.” காதைத் தொட்டுக்காட்டி வண்டின் கதையைச் சொன்னார்.

கேமராக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்த பிறகும் துடைத்தார்.

“கூட்டம் வராதுங்க” என்றார். “ஒருத்தர்கூட வரமாட்டாங்க.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அந்த ஒரு சொல்லில் வெல்டர் வேறு ஆளாகிவிட்டார். “அங்கேர்ந்து எடுத்தா பாதிதான் சார் தெரியும். இப்படி வாங்க” என்று கையைப் பிடித்து மேல்பாறைக்கு ஏற்றினார். அங்கிருந்து அருவி உச்சி முதல் அடிவரை முழுசாகத் தெரிந்தது. வழுக்கும் பாறை என்பதால் ஸ்டாண்டின் காலைத் தானே பிடித்துக்கொண்டார். கேமரா ஆடிவிடக் கூடாதென்று மூச்சைக்கூட அடக்கினார். படம் அருமையாக வந்தது.

“திருப்திதானே சார்?”

கேமராக்காரர் தலையாட்டினார். பையிலிருந்து ஒரு சின்ன பெயின்ட் டப்பாவை எடுத்து, ஸ்டாண்டின் மூன்று கால்களைச் சுற்றியும் பாறையில் சிவப்பு வட்டம் போட்டார்.

“யாரும் வரமாட்டாங்கன்னீங்களே சார், அப்புறம் அடையாளம் எதுக்கு?”

“நான் இன்னொரு தடவை வரணும்.” அவர் நிமிரவில்லை. “ஆபீஸ்ல ரெண்டு படம் கேப்பாங்க, ஒரே இடத்துலேர்ந்து. இது அணை வேலைக்கு முன்னாடி. அடுத்தது, மேல அணை கட்டி ஆத்தைச் சுரங்கப்பாதைக்குள்ள திருப்பி விட்டப்புறம்.”