ரோமில் எடுத்த இருநூறு யூரோ

ரோம் ஏடிஎம்மில் இருநூறு யூரோ எடுத்ததாக ஆவடியில் ஜெயபாலின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. பதறிப்போய், திருத்தலப் பயணம் போயிருந்த மனைவி ஞானகுமாரியை அழைத்தார்.

“கார்டைத் தொலைச்சிட்டியா? எவனோ பணம் எடுக்கிறான்!”

“நான்தாங்க எடுத்தேன்.”

“பின் நம்பர் வேணும்னா எனக்குப் போன் பண்ணுன்னுதானே கார்டைக் குடுத்தேன்? உனக்கெப்படித் தெரியும்? கையால மறைச்சுதானே அழுத்துவேன்!”

“கை மறைக்கும். வாய் ஒவ்வொரு நம்பரா முணுமுணுக்குமே! ரூபாயா மாத்திக் கணக்கு போடவான்னு மெஷின் கேட்டுச்சு. கூடுதலா புடிப்பான், வேணாம்னு அழுத்திட்டேன்.”

“யாரைக் கேட்டு எடுத்தே?”

“கார்டுல ஞானகுமாரின்னு பேர் இருந்துச்சு. இருபத்தாறு வருஷமா நர்ஸ் வேலை பாக்குறாளே, அவ சம்பளம். அவளைத்தான் கேட்டேன். தாராளமா எடுத்துக்கோன்னுட்டா!”