பட்டி தேய்த்த உதயகுமார்

மல்லாங்கிணற்றில் கருத்தப்பாண்டி வீட்டுத் தகரக் கொட்டகையில் நின்ற 1968-ஆம் வருட பியட் காரைப் பார்த்ததுமே, அதைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவது என்று உதயகுமார் முடிவு செய்துவிட்டான். பழைய வண்டி என்றால் உயிரை விடுகிற பார்ட்டி ஒருவர் மதுரையில் இருந்தார்.

ஆனால் அப்போது அது கிளப்பும் நிலையில் இல்லை. ஒடுக்கெடுக்கும் டிங்கரிங் வேலை மட்டும் முடிந்து, வெறும் தகரமாக நின்றது. அப்படியே கொண்டுபோனால் பழைய இரும்புக்காரன்கூட முகம் சுளிப்பான்.

"பழைய காருன்னா எனக்கு உசிருய்யா. சம்பளமே வேணாம், கூட நின்னு வேலை பாக்கேன்" என்று கருத்தப்பாண்டியிடம் போய் நின்றான்.

கருத்தப்பாண்டி வெள்ளந்தியாகச் சிரித்தார். "பெயிண்டு வேலைதான் பாக்கி. தெரியுமா தம்பி?"

தெரியாமல் என்ன? திருட்டுக்கு வருமுன் எட்டு வருஷம் அவனுக்கு அதுதான் பிழைப்பு.

பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற பட்டியை இரண்டு மாதம் உப்புத்தாளால் தேய்த்தான். விரல் ரேகையே அழிந்துபோனது. தொழிலுக்கு அதுவும் நல்லதுதான் என்று தேற்றிக்கொண்டான். கரிசல் புழுதி பறந்து வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டியது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தான். மேலே சந்தனம், கீழே நீலம்.

"பிள்ளை என்னமா உழைக்குது!" என்று கருத்தப்பாண்டியின் மனைவி ராக்கம்மாள் கோழிக்குழம்பை ஊற்றும்போது மட்டும் கொஞ்சம் உறுத்தியது. இரண்டு வாய் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது.

பாலிஷ் போட்டு முடித்த மறுநாள் காலை, "நரிக்குடியில ஒரு விசேசம், போயிட்டு வாரேன். சாவி ஆணியில தொங்குது. வண்டியப் பாத்துக்க தம்பி" என்று கருத்தப்பாண்டி மொபெட்டில் கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் உதயகுமார் காரைக் கிளப்பினான். எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். திருடிய பொருளுக்காக முதன்முறையாகப் பெருமைப்பட்டான்.

அளந்து ஊற்றியது போல, காவல் நிலைய வாசலில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது.

ஏட்டு மாரீஸ்வரன், காத்திருந்தவர் போல வந்து கதவைத் திறந்தார். மொபெட்டில் பின்னாலேயே வந்த கருத்தப்பாண்டி, உதயகுமாரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காரைச் சுற்றி வந்து பெயிண்டைத் தடவிப் பார்த்தார்.

"சுத்தமான வேலை ஏட்டய்யா! டிங்கரிங் முடிச்ச அன்னைக்கு ஒருத்தனைப் பிடிச்சீகளே, அவனைவிட இவன் கெட்டிக்காரன்" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சீட்டு தைக்கத் தெரிஞ்ச திருடன் எவனும் இப்ப ரிலீசாகுறானா?"