அக்காவின் விளக்கு

என் அக்கா எழினி நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவள். அம்மா ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த புதுத் தனிமத்துக்கு அவள் பெயர்தான்: எழினியம். அங்கே அதன் அணு ஒன்று உருவானால் எங்கள் சமையலறையில் அம்மா அதற்கென்றே இணைத்து வைத்திருக்கும் நீல விளக்கு எரியும். கண்ணிமைப்பதற்குள் அணு அழிந்துவிடும், விளக்கும் அணைந்துவிடும். அம்மா அடுப்பில் தோசையைக் கருகவிட்டுக் கைதட்டுவாள். "வந்துட்டா எம்பொண்ணு!"

நேற்று ஓட்டப்பந்தயத்தில் வென்ற கோப்பையை நான் நீட்டியபோதும் விளக்கு எரிந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கைதட்டினாள்.

"நான் தெனமும் இங்கதானேம்மா இருக்கேன்?"

"நீ எங்கடி போயிடப் போற?" என்று சிரித்தாள்.

இன்று சமையலறை வாசலில் ஒரு நொடி மட்டும் முகத்தைக் காட்டிவிட்டுக் கதவுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். கைதட்டல் கேட்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வெளையாடாம சாப்பிட வா," என்றாள் அம்மா.