மருமகள் அறுத்த பலகை

எலி கொறித்ததைப் போலப் பலகையில் வெட்டு வெட்டாக விட்டுவைத்திருக்கிறாள் என் மருமகள்.

கட்டைவிரலை அதன்மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு மகனைக் கூப்பிட்டேன். உப்புத்தாள் கொண்டுவந்து உடனே தேய்த்துவிடச் சொன்னேன்.

இன்று சம்பந்தி வருகிறார். மருமகளின் அப்பா. மொட்டைமாடி முழுக்கத் தொட்டி வைத்துத் தோட்டம் போட்டுவிட்டு, வருகிறவர்களை உட்காரக்கூட விடாமல் அதைச் சுற்றிக் காட்டுகிற மனிதர். எங்கள் வாசலில் நின்று அவர் ஒரு குறை சொல்லிவிட்டால் அது எனக்கு மட்டும் சொன்னதாகாது. குடும்பத்துக்கே சொன்னதாகும்.

"அசிங்கமா இருக்குடா. நாலு பேர் பாக்குற இடம்."

"மத்தியானம்தானே வர்றாரு? தேய்ச்சிடுறேன்பா."

குறை ஒன்றா, இரண்டா?

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் வாசலில் நின்று ரம்பம் பிடித்ததில்லை. இவள் பிடித்தாள். பிணப்பெட்டியா செய்கிறீர்கள் என்று எதிர்வீட்டுக்காரர் என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று நீளப் பெட்டிகள் செய்தாள். மக்கின இலையும் மண்ணும் கொட்டி நிரப்பினாள். தரையில் இருக்க வேண்டிய பாத்தியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவைத்தாள். கேட்டால், குனிந்தால் அவளுக்கு முதுகு வலிக்கிறதாம். இந்த வயதில்!

பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட வழியோ, நடந்தால் இரண்டு பக்கமும் கை இடிக்கும்.

விதை போடும்போது பாட்டு வேறு. "ஒண்ணு வெண்டை, ரெண்டு தக்காளி, மூணு கத்திரி" என்று என் பக்கத்தில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இது வீடா, பாலர் பள்ளியா என்று அதட்டினேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள்.

ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட என் பக்கத்தில் டக்கென்று சத்தம் வரத்தான் வைப்பாள். எடுத்துச் சொல்லியும் திருந்தவில்லை. மற்றபடி நல்ல பெண். நல்ல பெண் என்பதால்தான் இத்தனையும் பொறுத்துப் போகிறேன்.

எல்லாம் அந்தப் பூனையால் வந்த வினை.

முன்பு அதே இடத்தில், தரையில், கீரைப்பாத்தி இருந்தது. ஒருநாள் காலையில் முளைத்த கீரை எல்லாம் வேரோடு பிடுங்கிக் கிடந்தது. களை மட்டும் ஜம்மென்று நின்றது. பிடுங்கியதை ஓரமாகக் குவித்தும் வைத்திருந்தது அந்தப் பூனை.

மகன் பூனையைத் திட்டினான். நானும் சேர்ந்து திட்டினேன். மருமகள் மட்டும் வாய் திறக்காமல் கீரையைப் பொறுக்கினாள். அடுத்த வாரம் பலகை வந்து இறங்கியது.

கேட் கிறீச்சிட்டது.

"என்ன சம்பந்தி, வாசல்லயே நிக்கிறீங்க? எனக்காகவா?"

மத்தியானம் வர வேண்டியவர் இப்போதே வந்துவிட்டார். மகன் உள்ளே இன்னும் உப்புத்தாளைத் தேடி உருட்டிக்கொண்டிருந்தான்.

சம்பந்தி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். நல்ல மரம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எல்லாம் இப்பத்தான் ரெண்டு இலை விட்டிருக்கு. எது எதுன்னு எனக்கே பிடிபடலையே. எந்தப் பெட்டியில எது?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

எங்கள் பரம்பரையில் கடைசிவரை யாரும் மூக்குக்கண்ணாடி போட்டதில்லை என்று, பெண் பார்க்கப் போன அன்று இவரிடம்தான் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லியிருந்தேன்.

இப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் பச்சைப் புகை. பல மாதங்களாகவே அப்படித்தான். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

வாசற்படியிலிருந்து மருமகளின் குரல் வந்தது. "தோட்டமெல்லாம் மாமா பொறுப்புப்பா. அவரையே கேளுங்க."

இப்படி மாட்டிவிடுகிறாளே என்று பலகையைப் பிடித்தேன்.

கட்டைவிரல் வெட்டில் விழுந்தது. ஒரே ஒரு வெட்டு.

ஒண்ணு வெண்டை.

"இது வெண்டை" என்றேன்.

விலகி நடக்க இடமே இல்லாத வழி. அது என்னை நேரே அடுத்த பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தொங்கவிட்ட கையைச் சற்றே உயர்த்தினால் போதும், பலகை அங்கே இருந்தது.

இரண்டு வெட்டு.

"இது தக்காளி. கடைசியில இருக்கிறது கத்திரி." அதைத் தொடாமலே சொன்னேன்.

"கண்ணுன்னா இது கண்ணு!" என்றார் சம்பந்தி. "கண்ணாடி போட்டும் எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது."

"பரம்பரை" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். மகன் ஒருவழியாக உப்புத்தாளைக் கண்டுபிடித்து வந்து, கடைசிப் பெட்டியில் சரசரவென்று தேய்க்கத் தொடங்கினான்.

"டேய், நிறுத்து! கையை எடு."

"நீங்கதானேப்பா அசிங்கமா இருக்குன்னீங்க?"

"அது என் மருமக செஞ்ச வேலை. அதுல எவனும் கை வைக்கக் கூடாது."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பான். பார்க்கட்டும்.

உள்ளே, பூனைத் தொல்லை உண்டா என்று சம்பந்தி மகளிடம் விசாரிப்பது காதில் விழுந்தது.

"முன்னாடி ஒண்ணு வரும்பா" என்றாள் அவள். "நல்ல பூனைதான். இனிமே பிடுங்காது."