படிவத்தின் இரண்டாம் பக்கம்

“செத்தது எங்கம்மாதான்னு நிரூபிக்க இன்னும் என்ன சார் கொண்டு வரணும்? அவங்களையே எழுப்பிக் கூட்டிட்டு வரட்டுமா?”

டீச்சரின் குரல் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போய், டோக்கனோடு காத்திருந்தவர்களையெல்லாம் நிமிர வைத்தது. காப்பீட்டு நிறுவன மேலாளர் கையிலிருந்த காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

“உக்காருங்க டீச்சர். மெதுவா பேசலாம்.”

“மூணு தடவை மெதுவாத்தான் பேசினேன். மூணு தடவையும் இதுதான் வந்துச்சு.”

அவள் மேசைமேல் வீசிய கடிதத்தில் ஒரே ஒரு வரி சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்டிருந்தது. விடைத்தாள் திருத்துகிற அதே பேனா.

‘காலமானவர் தங்கள் தாயார் என்பதற்கு எங்கள் பதிவேட்டில் ஆதாரம் இல்லாததால், பயணக் காப்பீட்டுத் தொகை கோரும் தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது.’

“அக்கா, விட்டுடுக்கா. வா, போயிடலாம்.” பக்கத்தில் நின்ற தம்பி அவள் தோளைத் தொட்டான். வந்ததிலிருந்து ஐந்தாவது முறை.

“நீ சும்மா இருடா.”

மேலாளர் பெருமூச்சு விட்டார். “பசங்களைக் கணக்குப் போட்டிக்கு வெளிநாடு கூட்டிட்டுப் போனீங்க. நாலாவது நாளே திரும்பிட்டீங்க. பெத்தவங்க, கணவர், பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க, இப்படி யாராவது இறந்து பயணம் பாதியில நின்னா டிக்கெட் செலவு நாங்க தருவோம். அதுதான் ரூல். ஆனா...”

“என்ன ஆனா? தம்பி போன் பண்ணின நிமிஷத்துல கிளம்பினேன். ரெண்டு விமானம் மாறி ஓடி வந்தேன். முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கலை சார். உள்ளே நுழையறேன், கழுவிவிட்ட தரை காய்ஞ்சுக்கிட்டிருக்கு. அவ்வளவுதான் மிச்சம்.”

குரல் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பணத்தை நீங்களே வச்சுக்குங்க. இந்த வரியை மட்டும் அடிச்சுட்டு வேற லெட்டர் குடுங்க. ஒன்பது வயசுலேர்ந்து எனக்குத் தலை பின்னி விட்டவங்க சார். டைபாய்டு வந்தப்ப பதினெட்டு நாள் என் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தவங்க. அவங்க என் அம்மா இல்லைன்னு சொல்ல உங்க பதிவேடு யாரு?”

மேலாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“உங்கம்மா இறந்து இருபத்தேழு வருஷம் ஆச்சுன்னு இதுல இருக்கு டீச்சர்.”

அவள் சிரித்தே விட்டாள். அழுகையைவிட மோசமான சிரிப்பு.

“அப்ப போன மாசம் என் பெட்டியை அடுக்கித் தந்தது யாரு, ஆவியா? இன்ஷூரன்ஸ் எடுக்க நான் எழுதின ஃபாரத்தை இங்கே கொண்டு வந்து கொடுத்ததே அவங்கதான். எனக்கு நேரமில்லைன்னு, முட்டி வலியோட உங்க மாடிப்படி ஏறி வந்தாங்க. சாட்சிக் கையெழுத்துகூட அவங்களே போட்டாங்க. உங்க ஆளு எவனோ தூங்கிக்கிட்டே கம்ப்யூட்டர்ல தட்டியிருக்கான். நான் எழுதின ஃபாரத்தை எடுங்க, பார்ப்போம்.”

“அது பழைய கட்டுல எங்கேயோ...”

“மறுகூட்டல்னு ஒரு பையன் வந்து நின்னா, நாங்க விடைத்தாளையே எடுத்துக் காட்டறோம். உங்களுக்கு மட்டும் என்ன கேடு?”

“வேணாங்க்கா.” தம்பியின் முகம் வெளுத்திருந்தது. “ஃபாரமெல்லாம் பார்க்க வேணாம். சொன்னாக் கேளு. அம்மா...”

“அம்மாவுக்காகத்தான்டா!”

பத்து நிமிடத்தில் கோப்பு வந்தது. டீச்சர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். “காட்டுங்க. தப்பு எங்கேன்னு நானே வட்டம் போட்டுத் தர்றேன்.”

மேலாளர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, அவள் முன்னால் தள்ளினார்.

‘தாயார்’ என்ற கட்டத்தில், கரும்பலகையில் எழுதியதுபோலச் சாய்வில்லாத எழுத்து. ‘காலமாகிவிட்டார்.’ எதிரே, அந்தப் பழைய வருடம்.

அவளுடைய எழுத்து. அப்பா சித்தியைக் கூட்டி வந்து நிறுத்திய நாளிலிருந்து, பள்ளி, கல்லூரி, வேலை என்று எந்தப் படிவத்திலும் யோசிக்காமல் அவள் எழுதிப் பழகிய அதே வார்த்தை.

“சித்தின்னு ஒரு வரி எழுதியிருந்தாக்கூடப் பணம் வந்திருக்கும் டீச்சர்” என்றார் மேலாளர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பேனா உருண்டு தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்த தம்பி நிமிரவில்லை.

“நான்தான்க்கா வண்டியில கூட்டிட்டு வந்தேன். கையெழுத்துப் போடும்போதுதான் மேலே நீ எழுதினதை அம்மா படிச்சாங்க. ‘ஃபாரத்துல ரெண்டு விதமா இருந்தா அக்காவுக்குச் சிக்கல் வரும்டா’ன்னு மட்டும் சொல்லி, பேனாவைத் திரும்ப வாங்கினாங்க.”

டீச்சரின் விரல் பக்கத்தின் அடிக்கு இறங்கியது. சாட்சியின் கையெழுத்து. அதற்கு அருகே, ‘விண்ணப்பதாரருக்கு என்ன உறவு?’ என்ற கட்டத்தில் முதலில் எழுதிய ‘அம்மா’வை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, சித்தி எழுதியிருந்தாள்: ‘தெரிந்தவர்.’