வேன் கதவின் பிடிவாதம்

ஆபீசுக்கும் கல்லூரிக்கும் ஆட்களை ஏற்றிப் போகும் வேன் கடைசி நிறுத்தத்தில் நின்றது. நர்சிங் மாணவி பூங்குழலியை மட்டும் காணோம்.

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாதுன்னு பேச்சு. மூடு," என்று கதவிடம் கத்தியது ஹாரன்.

"மாட்டேன். நேத்து டயர் பஞ்சராகி நாம அரை மணி நேரம் லேட்டா வந்தோம். அவ மழையில நனைஞ்சுகிட்டே நின்னா. அப்ப எங்க போச்சு அந்தப் பேச்சு?"

டிரைவர் மூன்று முறை இழுத்துப் பார்த்தார். கதவு அசையவில்லை.

"உள்ள பதினொரு பேர் முறைக்கிறாங்க," என்றது ஹாரன்.

"முறைக்கட்டும். நாளைக்கு இவங்கள்ல ஒருத்தர் லேட்டா வந்தாலும் இப்படித்தான் நிப்பேன்."

பூங்குழலி மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினாள். யாரும் தொடாமலே கதவு மூடிக்கொண்டது.

"இப்பக் கத்து," என்றது ஹாரனிடம்.