எலுமிச்சை அழகி

“செடியா இது? துடைப்பக்கட்டையை நட்டு வெச்ச மாதிரி இருக்கு!”

கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல், பால்கனியில் நின்று ஆரம்பித்துவிட்டாள் மகள். வாரம் பூராவும் துணிக்கடையில் நின்றபடியே பில் போட்டுவிட்டு, கிடைக்கிற ஒரு நாள் லீவில் இரண்டு பஸ் மாறி அம்மாவைப் பார்க்க வருகிறவள். கால் விண்விண்ணென்று தெறித்தது. வாய்க்கு மட்டும் அசதி கிடையாது.

மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் தலை வாரியே இரண்டு நாளாகியிருக்கும்.

“புழு அண்ணி. இலையைத் தின்னுது.”

“தின்னட்டும்னு விட்டுட்டியாக்கும்? அம்மா பிள்ளை மாதிரி வளர்த்த எலுமிச்சை. எழுந்து வந்து கேட்கவா போறாங்கங்கிற தைரியம்!”

பால்கனிக் கதவை ஒட்டிய கட்டிலில் அம்மா. பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. கண் மட்டும் செடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

“பாரு, எப்படி ஏங்கறாங்கன்னு!”

மருமகள் மாமியாரைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, குளிப்பாட்டத் தள்ளிக்கொண்டு போனாள்.

“சொன்னா உறைக்குதா பாரு” என்று முணுமுணுத்தபடி மகள் ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர் கரைத்தாள். குச்சியால் புழுக்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். சின்னதெல்லாம் காக்கா எச்சம் மாதிரி. பெரிசெல்லாம் பச்சைப்பசேலென்று விரல் தண்டி. தொட்டதும் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொம்பை நீட்டின.

“கொம்பு வேற முளைச்சிருக்கா உனக்கு?”

ஒன்று பாக்கியில்லாமல் முக்கி, சிங்க்கில் கொட்டி, மக்கையும் அலம்பிக் கவிழ்த்தாள்.

குளித்து வந்த அம்மா கட்டிலில் சாய்ந்ததும் செடியைப் பார்த்தாள். கண் கிளை கிளையாகத் தேடியது. மருமகள் நீட்டிய ஸ்பூனுக்கு வாய் திறக்கவில்லை.

“கொடு, நான் ஊட்டறேன். உன் கையால வாங்கப் பிடிக்கலையோ என்னமோ.”

மகளுக்கும் திறக்கவில்லை. கண்ணீர்தான் காதோரம் வழிந்தது.

மருமகள் திரும்பிச் செடியைப் பார்த்தாள். நாத்தனாரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அண்ணி, புழுவை என்ன பண்ணீங்க?”

“கொன்னேன். நீ செய்யாததை நான் செஞ்சேன்.”

“எல்லாத்தையுமா?” மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “போன மாசம் அத்தைக்குச் சாப்பாடே இறங்கல. மூக்குல குழாய் போட்டுடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பத்தான் அந்தச் செடியில ஒரு கூடு பிரிஞ்சு வண்ணத்துப்பூச்சி வந்துது. எலுமிச்சை அழகியாம் அது பேரு. கறுப்புல மஞ்சள் புள்ளி. அத்தை போர்வையில உட்கார்ந்து சிறகைக் காய வெச்சுது. அதைப் பார்த்துக்கிட்டே ரெண்டு வாய் வாங்கினாங்க. அதுலேர்ந்து புழு ஒரு கடி, அத்தை ஒரு வாய். கொம்பை நீட்டினா பாதி வாயால சிரிப்பாங்க. அதான் மருந்தே அடிக்கல.”

மகளின் கண் கவிழ்த்து வைத்த மக்கின் மேல் போயிற்று.

இருவரும் கட்டிலுக்குத் திரும்பியபோது, அம்மா இடது கையால் செடியைக் காட்டினாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“அம்மா... நான்தான்...”

மருமகள் முந்திக்கொண்டாள். “மைனா வந்துடுச்சு அத்தை. உங்க பொண்ணு பாவம், கையை வீசி வீசி விரட்டிப் பார்த்தாங்க. எல்லாத்தையும் கொத்திட்டுப் போயிடுச்சு.”